ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே?

மாணவர்களே, வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்துவிடுங்கள் என்று வகுப்பில் சொன்னால், "பாவம் டீச்சர், ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்கிறார்கள். இரக்கத்தில் சொல்வதுதான். ஆனால், நம் நாட்டில் பூனைக்கு 'ஒரு தடவை' என்பதே இல்லை.

பெண் பூனையின் சினைப்பருவத்தைப் பகல் வெளிச்சம் கட்டுப்படுத்துகிறது. குளிர்நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் மெலட்டோனின் அதிகம் சுரந்து, சினைப்பருவம் நின்றுவிடும். மலேசியாவோ நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல். ஆகவே நம் பூனைகளுக்கு ஓய்வு மாதமே கிடையாது. மனிதரைப்போல் மாதந்தோறும் கருமுட்டை வெளியாவதும் இல்லை. பெரும்பாலும் இணைசேர்ந்த பிறகுதான் வெளியாகும். அதனால் கரு தரிக்கும் வாய்ப்பு மிக அதிகம். சுமார் 9 வாரங்களில் குட்டிகள் பிறக்கும். அவை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகலாம். நான்கைந்து மாதப் பூனைகூடச் சினையாகலாம். நாமோ அதை இன்னும் குட்டி என்றே நினைத்துக்கொண்டிருப்போம்!

பிறந்த அத்தனைக்கும் வீடு கிடைக்கிறதா? சந்தைப் பக்கம் அட்டைப்பெட்டிக்குள் கத்தும் குட்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால், பாவம் என்ற சொல்லை அவற்றுக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கும் ஆதாரம் இல்லை. முதல் சினைப்பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பூனைக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. கருப்பையில் சீழ் கட்டி உயிரையே பறிக்கும் நோய், வயதான பெண் நாய்களிடம் அதிகம் காணப்படுவது. சினைப்பையையும் கருப்பையையும் அகற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஆண் பூனை சண்டைக்கு அலைவதும், சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் குறையும். சண்டையில் படும் கடிக்காயம் வழியாகத்தான் பூனைகளின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் வைரஸ் பெரும்பாலும் பரவுகிறது (மனிதருக்குத் தொற்றாது).

குறையே இல்லையா? உண்டு. அறுவைக்குப் பிறகு உடம்புக்குத் தேவைப்படும் சக்தி குறையும், பசி கூடும். தீனியை அளந்து போடாவிட்டால் பூனை உருண்டையாகிவிடும். பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை காத்திருப்பது நல்லது என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள். நாய்க்கு எந்த வயதில் செய்வது என்பதை அவர்களிடமே கேளுங்கள். பூனைக்கு ஐந்து மாதத்துக்குள் செய்துவிடலாம்.

ஆண் பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. விதைகளை அகற்றிய பிறகும், குழாயில் மிஞ்சிய விந்தணுக்களால் சில வாரங்களுக்குப் பெண் பூனை சினையாகலாம். அதுவரை இரண்டையும் பிரித்து வையுங்கள்.