10 கிலோ குறைந்தால் கழுத்து ரத்தக்குழாயில் என்ன நடக்கும்?

'ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு' என்று டாக்டர் சொன்னால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால், அதிகப்படியான உடல் பருமன் உள்ள ஒருவர் எடையைக் குறைக்கும்போது, கழுத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் கொஞ்சம் ஒல்லியானால் அது நல்ல செய்தி!

தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரல்களை வைத்தால் துடிப்பு தெரியும். அதுதான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி. உடம்பு பெருக்கப் பெருக்க, அதற்குத் தேவைப்படும் ரத்தமும் கூடும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கும். வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கும் குழாய் மெள்ள விரிந்துபோகும், சுவரும் தடிக்கும். இது கொழுப்பு படிந்து வரும் அடைப்பு அல்ல. அடைப்பில் உள்வழி குறுகும். இங்கே குழாயே பெருத்துவிடுகிறது. பாரம் இறங்கினால் அது பழைய அளவை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில் இது தெரியவந்தது. பி.எம்.ஐ 35-க்கு மேல் உள்ள 130 பேர் அதில் சேர்ந்தார்கள். 165 செ.மீ உயரம் உள்ளவருக்கு இது ஏறக்குறைய 95 கிலோ. ஆபரேஷன் இல்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேகநடையும்தான். ஒரு பிரிவினர் முதல் நாளிலிருந்தே இரண்டையும் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் முதல் ஆறு மாதங்களுக்குச் சாப்பாட்டை மட்டும் குறைத்து, அதன் பிறகு நடைக்கு வந்தார்கள்.

ஆறு மாதங்களில் முதல் பிரிவினர் சராசரியாக 10.9 கிலோ, இரண்டாவது பிரிவினர் 8.2 கிலோ குறைந்தார்கள். ஒரு வருட முடிவில் 12.1 கிலோ, 9.9 கிலோ. தாமதமாக நடக்க ஆரம்பித்தவர்களும் கிட்டத்தட்ட எட்டிப்பிடித்துவிட்டார்கள். 2010-ல் வெளியான முடிவு இது. இதே ஆய்வில் இருந்தவர்களின் கழுத்து ரத்தக்குழாயை அல்ட்ராசவுண்டில் அளந்தபோது, அதன் விட்டமும் சுவரின் தடிமனும் குறைந்திருந்தன. யாரும் 'ஸ்லிம்' ஆகிவிடவில்லை. பலர் அப்போதும் பருமனாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் குழாய் மாறியிருந்தது.

மூட்டு வலியால் நடக்கவே முடியாதவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், கால் பிறகு சேர்ந்துகொள்ளும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வில் முதல் மூன்று மாதங்களுக்கு, ஒருவேளை தவிர மற்ற வேளைகளுக்கு அளவான உணவு பாக்கெட்டுகளை இலவசமாகவே கொடுத்தார்கள். நம் வீடுகளில் அந்த வசதி கிடையாது. 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று தோசையைத் தட்டில் போடும் பாசம்தான் உண்டு!

அப்படியென்றால் மாரடைப்பு வராதா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. டைப் 2 சர்க்கரை நோயும் அதிக எடையும் உள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 'லுக் அஹெட்' என்ற பெரிய ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. சுமார் பத்து வருடங்கள் கவனித்தும், எடைக்குறைப்புப் பிரிவில் மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடும்படி குறையவில்லை. 2012-ல் அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். பின்னர் அதே தகவல்களை அலசியபோது, முதல் வருடத்தில் 10 சதவிகிதமோ அதற்கு மேலோ எடை குறைந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 21 சதவிகிதம் குறைவாக இருந்தது தெரிந்தது. எடை குறைந்ததுதான் காரணம் என்பதற்கு இது முழு நிரூபணம் இல்லை. ஆனால் 120 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 60 அல்ல, 108 என்று வைத்துக்கொள்ள இது போதும்.

நடைக்குத் தனிப் பலனும் உண்டு. ரத்தம் வேகமாக ஓடி உள்சுவரை உரசும்போது, அங்கிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தராசு முள் நகராத வாரத்திலும் இந்த வேலை நடக்கும்.

பிரஷர், சுகர் மாத்திரை எடுப்பவர்கள் டயட் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எடை இறங்கும்போது பழைய டோஸ் அதிகமாகிவிடலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், திடீர் வியர்வை, நடுக்கம் வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. எவ்வளவு குறைக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.