சாதோங் ஓடக்காரரும் லாவோட்சுவும்

தாவோ தத்துவம் என்றால் எதுவும் செய்யாமல் இருப்பது, நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிடுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சீனக் கிராம வாழ்க்கையைச் சொல்லும் ஷென் சோங்வென்னின் ‘எல்லைப்புற நகரம்’ நாவலையும் பலர் இந்த எண்ணத்தோடுதான் படிக்கிறார்கள். அமைதியான ஆறு, நல்ல மனிதர்கள், ஆசையில்லாத வாழ்க்கை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த நாவலையே கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பது தெரியும்.

நாவல் வெளிவந்தது 1934-ல். கதை நடக்கும் சாதோங், ஹுனான் மாகாணத்தின் மேற்கு எல்லையில் உள்ள சிற்றூர். 1902-ல் அதே மேற்கு ஹுனானின் ஃபெங்ஹுவாங்கில் பிறந்த ஷென், பதின்வயதிலேயே படைவீரராகி அந்தப் பகுதியின் ஆறுகளையும் துறைகளையும் நேரில் அறிந்தவர். ஊருக்கு வெளியே ஓர் ஓடை, கரையில் ஒரு வெள்ளைக் கோபுரம், எழுபது வயது ஓடக்காரர், அவருடைய பேத்தி சுய்சுய், கூடவே ஒரு நாய். கதையின் மையம் இவ்வளவுதான்.

ஓடக்காரரின் வேலையைக் கவனியுங்கள். அந்த ஓடத்துக்குத் துடுப்பு முக்கியமல்ல. இரு கரைக்கும் இடையே கட்டிய வடத்தைக் கைமாற்றி இழுத்துத்தான் அக்கரை சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இருபது பேர்வரை ஏறலாம். மழையோ வெயிலோ, யார் கூப்பிட்டாலும் போயாக வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக அவர் செய்வது இதைத்தான். ஓடம் ஊர்ப்பொது, அவருக்கு அரிசியும் கொஞ்சம் காசும் கூலியாக வந்துவிடும். பயணிகளிடம் பணம் வாங்க மாட்டார். யாராவது வற்புறுத்திக் காசை விட்டுப்போனால், அதில் தேயிலையும் புகையிலையும் வாங்கி வைத்துக் கடந்து போகிறவர்களுக்கே கொடுத்துவிடுவார். இந்த மனிதரைப் பார்த்து, எதுவும் செய்யாதவர் என்று யார் சொல்ல முடியும்?

தாவோ தத்துவத்தின் மூலவராகக் கருதப்படும் லாவோட்சுவின் நூல் 81 சிறு அத்தியாயங்கள் கொண்டது. அதில் திரும்பத் திரும்ப வரும் கருத்து, திணிக்காமல் செயல்படுவது. செய்த வேலையைக் காட்டி உரிமை கேட்காமல் இருப்பதும், பலன் தந்த பிறகு அதைப் பிடித்துக்கொள்ளாமல் விலகுவதும் அதில் அடங்கும். நீர் எல்லாவற்றுக்கும் உதவிவிட்டு, எவரும் விரும்பாத தாழ்ந்த இடத்தில் போய்த் தங்குவதை அவர் உயர்ந்த நன்மைக்கு உதாரணமாக வைக்கிறார். ஓடக்காரர் அந்த நூலைப் படித்தவரல்லர். ஆனாலும் கூலிக்கு மேல் ஒரு காசு வேண்டாம் என்கிற அவருடைய பிடிவாதத்தில் அந்தக் கருத்து நடமாடுகிறது.

அதற்காக நாவலை லாவோட்சுவின் கனவு ஊராக ஆக்கிவிடக் கூடாது. நூலின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரு சிறிய நாடு வருகிறது. அங்கே படகு இருந்தும் யாரும் ஏறுவதில்லை. அடுத்த ஊர் நாயும் சேவலும் கத்துவது கேட்டாலும் மக்கள் போய்வருவதில்லை. சாதோங்கோ படகுகளால் பிழைக்கிற ஊர். உப்பும் துங் எண்ணெயும் ஆற்று வழியே வந்துபோகின்றன. சரக்கோடு சிப்பாய்களும், தூண்கள்மேல் நிற்கும் ஆற்றோர வீடுகளில் உடலை விற்று வாழும் பெண்களும் அங்கே உண்டு. சீதனமாக ஓர் அரவை ஆலையோடு வரும் பெண்ணுக்கும், ஓடத்தைத் தவிர ஒன்றுமில்லாத பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஊர் நன்றாகவே அறியும்.

நாவலின் ஆழம் திருமணப் பேச்சில் இருக்கிறது. துறைத் தலைவர் ஷுன்ஷுன்னின் இரு மகன்களும் சுய்சுய்யை விரும்புகிறார்கள். மூத்தவன் தியன்பாவ் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறான். கிழவர் சதுரங்கச் சொற்களில் பதில் சொல்கிறார். தேர் போகும் வழி என்றால் பெரியவர்கள் முறைப்படி வந்து பேசட்டும். குதிரை போகும் வழி என்றால் அவனே ஓடைக்கு எதிரே நின்று அவள் மனம் இளகும்வரை பாடட்டும். முடிவு அவளுடையது. காதலித்தவனை மணக்க முடியாமல் அழிந்துபோன மகளின் கதி பேத்திக்கு வரக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

தலையிடாமல் இருக்க நினைத்த அந்த அன்பே கேடாக முடிகிறது. ஓடைக்கு எதிரே இரவில் வந்து பாடியவன் இளையவன் நுவோசோங். கிழவரோ மூத்தவன்தான் பாடினான் என்று நம்பி அவனையே பாராட்டுகிறார். பாட்டில் தம்பிக்கு ஈடாக முடியாது என்று தெரிந்துகொண்ட தியன்பாவ் படகேறிப் போய் ஆற்றுச் சுழலில் மாள்கிறான். கிழவரின் சுற்றிவளைத்த பேச்சுதான் அண்ணனைக் கொன்றது என்று தம்பி மனம் கசந்து, தந்தையோடும் பிணங்கி ஊரைவிட்டுப் போகிறான். இடிமழை பெய்த ஓர் இரவில் கோபுரம் சரிகிறது, ஓடத்தை வெள்ளம் அடித்துப் போகிறது, கிழவரும் இறந்துவிடுகிறார்.

இந்தக் கதையில் கெட்டவர் யாருமில்லை. வானமும் மண்ணும் யாரிடமும் தனிப்பரிவு காட்டுவதில்லை என்று லாவோட்சு சொல்லும் கடுமையான பகுதியை, அமைதியை மட்டும் தேடிப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஷென் தாண்டவில்லை. ஊருக்குச் சோறு போட்ட ஆறுதான் தியன்பாவையும் கொண்டுபோகிறது. கிழவர் நேராகப் பேசியிருந்தால் தப்பியிருக்கலாமா, அல்லது பேச்சே எடுக்காமல் இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நாவலில் விடையில்லை. ஒருவர்மேல் உயிரையே வைத்திருப்பவரால் முழுதாக விலகி நிற்க முடியாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். தாவோ தத்துவத்தை அது விளக்கும் இடத்தைவிட, அந்தத் தத்துவத்தின் விலையை அது காட்டும் இந்த இடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஷென் தன்னைத் தாவோ எழுத்தாளர் என்று அறிவித்துக்கொள்ளவில்லை. மனித இயல்பைக் குடிவைக்க ஒரு சிறிய கிரேக்கக் கோயில் கட்டுவதாகவே தன் எழுத்தைப் பற்றிச் சொன்னார். கிழவரின் சாவுச் சடங்குக்கு வருபவர் ஒரு தாவோ பூசாரிதான். ஆனால் அது ஊர் வழக்கம், தத்துவத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

எதுவும் செய்யாமல் இருப்பதே தாவோ என்ற அந்தத் தவறான எண்ணம் எழுத்தாளரின் வாழ்க்கை மீதும் படிகிறது. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த 1949-க்குப் பிறகு ஷென் கதை எழுதுவதை ஏறத்தாழ நிறுத்திவிட்டு, பெய்ஜிங்கின் வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய துணிகளையும் உடைகளையும் ஆராய்ந்தார். பண்டைய சீன உடைகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1981-ல் வந்தது. இதை ஒரு தாவோ ஞானியின் அமைதியான ஒதுங்கல் என்று சிலர் பார்க்கக்கூடும். ஆனால் 1948-ல் கம்யூனிஸ்ட் சார்புடைய கவிஞர் குவோ மொருவோ அவரைப் பிற்போக்கு எழுத்தாளர் என்று கடுமையாகத் தாக்கினார். அடுத்த ஆண்டு ஷென் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அவர் விரும்பி மௌனமாகவில்லை. அதைத் துறவு என்று அழகுபடுத்தினால், அவரை எழுதவிடாமல் செய்தவர்களின் பொறுப்பு கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறது.