இத்துனூண்டு பொம்மைக்கு இவ்வளவு விலையா? லபுபு முதல் வில்லியனூர் சுடுமண் வரை!

கைப்பையில் தொங்கும் ஒரு குட்டி பொம்மைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்காதவர்கள்கூட, கட்டைவிரல் அளவு மண் யானையைப் பார்த்தால் "கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க" என்று பேரம் பேசுவதுண்டு. குட்டிப் பொருட்கள் மேல் ஏன் இவ்வளவு ஆசை? அந்த ஆசையால் புதுச்சேரி கைவினைஞர்களுக்கு என்ன கிடைக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

லபுபு செய்த மாயம் என்ன?

ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லங், 2015-ல் தனது படக்கதைக்காக உருவாக்கிய கதாபாத்திரம்தான் லபுபு. 2019 முதல் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் அதை பொம்மையாக விற்கிறது. 2024-ல் பிளாக்பிங்க் பாடகி லிசா கையில் பார்த்த பிறகு மவுசு எகிறியது. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் நடந்த ஏலத்தில், ஆள் உயர லபுபு ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனது. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல்!

இதில் ஒரு வியாபாரத் தந்திரம் இருக்கிறது. பெட்டிக்குள் எந்த பொம்மை இருக்கிறது என்பது பிரித்த பிறகுதான் தெரியும். சில வகைகளை வேண்டுமென்றே குறைவாகத் தயாரிப்பார்கள். கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் அடுத்த பெட்டியையும் வாங்குகிறோம்.

குட்டியா இருந்தா ஏன் பிடிக்குது?

பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம். இந்தக் குழந்தை முக அமைப்பைப் பார்த்தாலே மனிதர்களுக்குப் பாசம் சுரக்கும் என்று 1943-லேயே விளக்கினார் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லாரன்ஸ். நமக்கும் இது புதிதல்ல. செப்புச் சாமானில் சோறு பொங்கி விளையாடியதும், கொலுப்படியில் ஒரு கல்யாண ஊர்வலத்தையே நிறுத்தியதும் இதே ஆசைதான். பெரிய உலகம் கைக்குள் அடங்கிவிடுகிறது.

புதுச்சேரிக்கும் குட்டிப் பொருளுக்கும் என்ன தொடர்பு?

நகரத்துக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் செய்யப்பட்டன. 1937-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ஜூவோ துப்ரேய், அங்குள்ள சிறுவர்களிடம் இருந்து கல் மணிகள் போன்ற பழம்பொருட்களை விலைக்கு வாங்கினார். அவர்கள் விளையாட்டாகப் பொறுக்கி வைத்திருந்த துணுக்குகள்தான் அந்த இடத்தின் மீது கவனத்தைத் திருப்பின. பின்னர் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், ரோமானியர்களோடு நடந்த வணிகம் உறுதியானது.

இன்றைய கைவினையில் இரண்டு ஊர்கள் முக்கியம். வில்லியனூர் சுடுமண் சிற்பங்களும், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. புதுச்சேரி சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பொம்மை சிறுசு என்றால் வேலையும் குறைவா?

பேரம் பேசுபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். உருவம் சுருங்கினால் மண்ணின் செலவு குறையும். ஆனா உழைப்பு அந்த அளவுக்குக் குறையாது. மண்ணைச் சலிக்கணும், பிசையணும், உருவம் பிடிக்கணும், நிழலில் நிதானமாகக் காய வைக்கணும், சூளையில் சுடணும். ஈரம் மிச்சம் இருந்தால் சூட்டில் வெடித்துவிடும். குட்டி யானையின் தந்தமும் வாலும் ஒரு விரல் பட்டாலே உடையும். பெரிய சிலையில் மறைந்துபோகும் சின்னப் பிசகு, கட்டைவிரல் அளவில் பளிச்சென்று தெரியும்.

லபுபுவின் அரிதான வகை, நிறுவனம் தீர்மானித்த அரிது. மண் பொம்மை அப்படி அல்ல. கையால் செய்வதால் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. செய்யத் தெரிந்த கைகள் குறைந்தால் பொம்மையும் குறையும்.

சட்டம் யார் பக்கம்?

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு பிஐஎஸ் தரச் சான்று கட்டாயம். சூளை வைத்து வேலை செய்யும் ஒரு குடும்பத்தால் ஆய்வகப் பரிசோதனைக்கெல்லாம் செலவழிக்க முடியாது. அதனால் 2020 டிசம்பரில் இரண்டு தரப்புக்கு விலக்கு தரப்பட்டது. ஒன்று, மத்திய கைவினைப் பொருட்கள் ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள். இன்னொன்று, புவிசார் குறியீட்டின் பதிவு உரிமையாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களும்.

சிக்கலும் இதில்தான் இருக்கிறது. ஊருக்குக் குறியீடு கிடைத்தாலே அங்குள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை வந்துவிடாது. தனித்தனியாகப் பெயர் பதிவு செய்ய வேண்டும். வில்லியனூரிலேயே பிறந்து, அங்கேயே பொம்மை செய்பவராக இருந்தாலும், எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை என்றால் விலக்கு பொருந்தாது. குறியீட்டையும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போலியாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வரியில் மட்டும் ஒரு நல்ல செய்தி: மின்னணு அல்லாத பொம்மைகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* புதுச்சேரியில் விற்பதெல்லாம் புதுச்சேரியில் செய்ததல்ல. எந்த ஊர், யார் செய்தது என்று கடையில் கேளுங்கள்.

* அச்சில் வார்த்ததா, கையால் பிடித்ததா என்று பாருங்கள். இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

* சின்ன மண் பொம்மை, உடைந்த துண்டு எதுவும் கைக்குழந்தைக்கு எட்டக்கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும்.

* முடிந்தால் செய்தவரிடமே வாங்குங்கள். கொடுக்கும் பணம் முழுதாக அவருக்கே போகும்.

குட்டிப் பொருள் சேர்க்கும் இந்த மோகம் நாளை வேறொரு பொம்மைக்குத் தாவலாம். வில்லியனூர் சூளைகளுக்குத் தேவை, ஒரு சீசன் மவுசு அல்ல. பதிவேட்டில் ஒரு பெயரும், உழைப்புக்கு ஏற்ற விலையும்தான்.