இரத்தத்தின் குற்றமா? ஏற்பாட்டின் குற்றமா?

ஒரு கூட்டத்தாரை ஏய்த்துத் தாழ்த்தி வைத்திருப்பவர்கள், அதற்குக் காரணம் கேட்டால், “அவர்கள் பிறவிக்குணம் அப்படி” என்றுதான் சமாதானம் சொல்லுவார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் கருப்பு மக்களைப் பற்றியும் வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் இப்படியே பேசினார்கள். 1896-ல், அந்நகரத்து 7-வது வார்டில் வாழ்ந்த கருப்பு மக்களின் நிலையை விசாரிக்கப் பென்சில்வேனியா சர்வகலாசாலையார் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் என்பவரை நியமித்தார்கள். அவரும் கருப்பர், 1895-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனாலும் வகுப்பு நடத்த அவருக்கு யோக்கியதை இல்லையாம்! சந்து சந்தாய் அலைவதற்கு மாத்திரம் உண்டாம்!

அவர் அலைந்தார். வீடு வீடாய் ஏறி, 9,000-க்கு மேற்பட்ட மக்களின் கணக்கெடுத்து, 1899-ல் புத்தகமாய் வெளியிட்டார். கருப்பு மக்களின் குறைகளை அவர் மறைக்கவில்லை. ஆனால் கண்டதென்ன? தொழில் தெரிந்த கருப்பனுக்கும் முதலாளி வேலை கொடுப்பதில்லை. வெள்ளைத் தொழிலாளர் சங்கம் சேர்த்துக்கொள்வதில்லை. ஓட்டை வீட்டுக்கு வாடகையோ அதிகம். கதவை அடைத்துவிட்டு, “ஏன் உள்ளே வரவில்லை?” என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

தனி மனிதனின் குணமென்று தோன்றுவதற்குப் பின்னால் சமூகத்தின் ஏற்பாடு என்ன என்று தேடுவதுதான் சமூகவியல். அதை வீதியில் இறங்கிச் செய்து காட்டியவர் டூபாய்ஸ். ஆனால் மார்க்ஸ், துர்க்கைம், வெபர் என்று மூலவர்களை வரிசைப்படுத்திய பாடப்புத்தகக்காரர்கள் வெகுகாலம் இவர் பேரை ஒதுக்கியே வைத்தார்கள். நகர ஆராய்ச்சியின் பெருமையையெல்லாம் 1920-களின் சிக்காகோ பண்டிதர்களுக்கே கொடுத்தார்கள். 2015-ல் ஆல்டன் மோரிஸ் ஒரு தனிப் புத்தகமே எழுதி இந்த அக்கிரமத்தை அம்பலப்படுத்த வேண்டியிருந்தது. ஒதுக்கிய பண்டிதர்கள் எந்த ஆராய்ச்சியைக் கொண்டு ஒதுக்கினார்கள்? சொல்லட்டுமே!