லொறிச் சாரதிக்கு ஓய்வு வயது எது?

2022 ஜூன் மாதம். அங்குருவாதொட்ட எரிபொருள் நிரப்பு நிலையத்தில் ஐந்து நாட்களாக டீசலுக்குக் காத்திருந்த லொறிச் சாரதி ஒருவர் தனது வாகனத்துக்குள்ளேயே இறந்து கிடந்தார். எரிபொருள் வரிசை மரணங்களில் அதுவும் ஒன்றாக ஊடகங்களில் வெளிவந்தது. அந்த வாரத்திலேயே டீசல் லீற்றர் 460 ரூபாவாக உயர்ந்ததால் எல்லோருடைய கோபமும் அதன்பால் திரும்பியது. அச்செய்தியில் இருந்த இன்னொரு எண்ணை எவரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. இறந்தவருக்கு வயது 63.

அதே ஆண்டில்தான் அரச ஊழியர்களின் ஓய்வு வயது மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. அறுபதைத் தாண்டிய உத்தியோகத்தர்கள் டிசம்பர் 31 உடன் வீடு சென்றார்கள். நான் ஓர் ஆசிரியர். எனக்கும் 60 இல் ஓய்வு, அதன் பின் மாதாமாதம் ஓய்வூதியம். என் வேலை நாற்காலியிலும் கரும்பலகை முன்னாலும் நடப்பது. பத்துத் தொன் அரிசியை இரவில் மலை ஏற்றி இறக்கும் ஒருவருக்கு அப்படியொரு திகதியே குறிக்கப்படவில்லை.

கடந்த பெற்றோர் கூட்டத்துக்கு என் வகுப்பு மாணவன் ஒருவனுக்காக அவனது மூத்தவாப்பா வந்திருந்தார். ஊரில் எல்லோரும் காக்கா என்றே அழைப்பார்கள். அதிபர் பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி உறங்கிவிட்டார். சிலர் சிரித்தார்கள். முதல் நாள் இரவு கொழும்பிலிருந்து சீனியும் மாவும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், லொறியைக் கடை வாசலில் விட்டுவிட்டு நேரே பாடசாலைக்கு வந்திருக்கிறார். அவருக்கு வயது 66. பதினாறு வயதில் கிளீனராக ஏறியவர்.

அவர் வழமையாக ஓடும் பாதை எங்கள் பகுதியினருக்குத் தெரிந்ததுதான். சம்மாந்துறை ஆலையில் அரிசி ஏற்றி, அம்பாறை, உகணை, மகாஓயா வழியாக மகியங்கனை. அங்கிருந்து ஹசலக்க தாண்டியதும் பதினெட்டு வளைவு. பிறகு கண்டி, கடுகண்ணாவை, புறக்கோட்டை. மகாஓயாப் பக்கம் இரவில் யானை நிற்கும். லைட்டை அணைப்பதா, ஹோர்ன் அடிப்பதா, பின்னுக்கு எடுப்பதா என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

"இப்ப எதிர்ல வார லைட் எல்லாம் பூப்பூவா விரியுது சேர்" என்றார் காக்கா. கிளினிக்கில் கட்டரக் என்று சொல்லியிருக்கிறார்களாம். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை போடுகிறார். பிரஷர் குளிசை போட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்க இறங்க வேண்டுமென்பதால் ஓடும் நாட்களில் அதைப் போடுவதில்லை. கனரக வாகன அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும் என்பது உண்மை. ஆனால் சான்றிதழ் எடுத்த நாளுக்கும் அடுத்த புதுப்பித்தலுக்கும் இடையில் கண் எவ்வளவு மங்கியது என்பது சாரதிக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். சொன்னால் ஹயர் போய்விடும்.

பெரிய விபத்தொன்று நடந்தால் வேகத்தைப் பற்றியும் போதையைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். கூடவே, குறிப்பிட்ட வயதுக்கு மேல் கனரக வாகனம் ஓட்டவே தடை விதியுங்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் அதற்கு உடன்பாடில்லை. 66 வயதுக்காரரின் கையிலிருந்து அனுமதிப்பத்திரத்தைப் பறித்தால் அவர் வீட்டில் இருக்கப் போவதில்லை. சின்ன லொறிக்கு மாறுவார், அல்லது பத்திரமில்லாமலே ஓடுவார். அவர் ஏன் இன்னும் ஓடுகிறார் என்பதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

பதில் எளிது. நாற்பது வருடம் உழைத்தும் அவர் பெயரில் ஒரு சதம் சேமலாப நிதி இல்லை.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்தது. அதாவது காக்கா பிறப்பதற்கு முன்பே. ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளியின் பங்காக 12 சதவீதம். நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தற்காலிகம், நாட்கூலி, செய்த வேலையின் அளவுக்குச் சம்பளம் பெறுபவர் என அனைவரும் அதற்குள் அடங்குவர். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்காக முதலாளி இன்னுமொரு 3 சதவீதம் செலுத்த வேண்டும். லொறித் தொழிலும் சட்டத்துக்கு வெளியே இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்றே சம்பளச் சபை ஒன்று இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொண்டால் சேமலாப நிதிக்கு மாதம் 8,000 ரூபா போகும். முப்பது வருடத்தில் 28 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா, இலாபம் எதுவும் சேர்க்காமலே. காக்கா அந்தக் காலத்தில் வாங்கியது இதைவிட மிகக் குறைந்த தொகை என்பது உண்மை. அந்தக் குறைந்த தொகைக்கும் எவரும் பணம் கட்டவில்லை. ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் வேலை செய்தால், பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பணிக்கொடையும் உண்டு என 1983 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சொல்லையே அவர் என்னிடம்தான் முதன்முதலில் கேள்விப்பட்டார்.

ஏன் கட்டவில்லை? லொறித் தொழிலில் சம்பளம் என்றொரு சொல் கிடையாது. 'ஹயர்' தான். ஒரு ட்ரிப்புக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, அவசரத்துக்கு முற்பணம். ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை. இந்த முறையில் முதலாளி முதலாளியாகவும் தெரிவதில்லை, சாரதி ஊழியராகவும் தெரிவதில்லை. யுத்த காலத்தில் பாதைகள் மூடித் திறக்கும்போதெல்லாம் சாரதிகள் முதலாளி மாறினார்கள். காக்காவே ஐந்தாறு பேரிடம் வேலை செய்திருக்கிறார். சிலர் மௌத்தாகிவிட்டார்கள். சிலரது கடைகளே இப்போது இல்லை. எவரிடம் போய்க் கேட்பது?

இங்கே எமது சமூகம் சற்று நின்று யோசிக்க வேண்டும். மொத்த வியாபாரத்திலும் அரிசி ஆலைகளிலும் லொறி வைத்திருப்போரிலும் நம்மவர்கள் கணிசமானோர். ஆகவே இதில் அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர முடியாது. இது பற்றி லொறி முதலாளி ஒருவரிடம் பேசியபோது, "சேமலாப நிதியில் வட்டி இருக்கே சேர்" என்றார். வரும் இலாபத்தை எடுக்கலாமா கூடாதா என்பது சாரதி உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளும் விடயம். 12 சதவீதத்தைக் கட்டுவது முதலாளியின் கடமை. அதே முதலாளி லொறியை லீசிங்கில் எடுத்தபோது இந்தக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை.

நல்ல முதலாளிமார் இல்லாமலில்லை. சாரதியின் மகள் கல்யாணத்துக்கு அள்ளிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பெருநாளைக்கு உடுப்பு, நோன்புக்கு உலருணவு, பாரிசவாதம் வந்து படுத்தால் பள்ளிவாசலில் வசூல். ஆனால் இவை எல்லாமே கொடுப்பவர் விரும்பினால் கிடைப்பவை. சேமலாப நிதி அவர் கேட்டு வாங்கக்கூடிய உரிமை. உழைத்த காலத்தில் உரிமையைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, படுக்கையில் விழுந்த பிறகு ஸகாத் பட்டியலில் பெயர் சேர்க்கிறோம். கொடுத்தவர் என்ற பெயரும் நமக்கே வந்து சேர்கிறது.

அரசின் உதவி எவ்வளவு தூரம் போகும்? வறிய முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆனது. அதற்கு 70 வயது ஆக வேண்டும். விவசாயிகளுக்கு 1987 இலும் மீனவர்களுக்கு 1990 இலும் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. சொந்த லொறி வைத்து ஓடுபவர்கள் சமூகப் பாதுகாப்புச் சபையின் சுயதொழில் ஓய்வூதியத்தில் சேரலாம். இளமையில் சேர்ந்து தவணை கட்டினால்தான் அதிலும் பயன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காக்காவை இறக்கிவிட்டு ஏற்றுவதற்கு ஆளில்லை. முன்பு கிளீனராக ஏறிய பையன், டயர் மாற்றி, படங்கு கட்டி, பாதை பழகி, பத்து வருடத்தில் சாரதி ஆவான். இப்போது கிளீனர் வேலைக்கு எவரும் வருவதில்லை. கனரகப் பத்திரம் எடுத்தவன் கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறான். அங்கே மாதச் சம்பளம், ஒப்பந்தம். இங்கே ஹயர். அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. 2020 முதல் பல ஆண்டுகள் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் லொறிகளும் கிழடாகிவிட்டன. கிழட்டு லொறியின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லத் தெரிந்தவர்கள் இந்த வயதாளிகள்தான். அதனாலும் முதலாளிமார் அவர்களை விடுவதில்லை.

காக்காவின் இழந்த வருடங்களைத் திருப்பித் தர இனி வழியில்லை. ஆனால் இரவு ஓட்டத்தை நிறுத்தி, பகலில் உள்ளூர் ஓட்டம் மட்டும் கொடுக்கலாம். கட்டரக் சத்திரசிகிச்சை முடியும்வரை ஹயர் இழப்பை முதலாளி ஏற்கலாம். இப்போது ஓடும் முப்பது, நாற்பது வயதுச் சாரதிகளை அடுத்த மாதமே பதியலாம். முதலாளி மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். நிலுவைக்கு மேலதிகக் கட்டணமும் அறவிடுவார்கள். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகச் சங்கங்களும் ஒரு கூட்டம் வைத்து, எத்தனை லொறி, எத்தனை சாரதி, எத்தனை பேருக்கு சேமலாப நிதி இலக்கம் என்று எண்ணிப் பார்க்கலாம். இந்தக் கணக்கு எடுக்க எந்த அமைச்சும் தேவையில்லை.

அந்தக் கூட்டம் முடிந்து போகும்போது காக்கா என்னிடம் ஒன்று கேட்டார். பேரன் சாதாரண தரம் எழுதி முடித்ததும் கூடவே கிளீனராக ஏற்றிக்கொள்ளலாமா என்று. பையனுக்கு கணிதம் வரும், படிக்கட்டும் என்றேன். மறுநாள் அவருடைய முதலாளியையும் சந்தித்தேன். பேரன் வந்தால் மாதச் சம்பளத்தில் பதிந்து சேமலாப நிதி கட்டுவீர்களா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் கணக்குக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். "பாப்பம் சேர்" என்றார்.