தராசின் முகம் எந்தப் பக்கம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எதுவும் தராசு ஏறாமல் கை மாறாது. லீ பஜாரில் பருப்பும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக ஏறும். மூலப்பிள்ளையார் கோவில் பக்கம் வெல்லச் சிப்பங்கள் ஏலத்துக்கு வரும். சந்துகளுக்குள் போனால் வெள்ளிக் கொலுசைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை நிறுத்துக்கொண்டிருப்பார்கள். என் அப்பா வெல்ல மண்டியில் எடை போட்டவர். நான் வாக்கப்பட்டது கொலுசுப் பட்டறை வீட்டில். மனுஷ வாழ்க்கையை மாற்றிய கண்டுபிடிப்பு எது என்று பேச்சு வந்தால் மற்றவர்கள் நீராவி இன்ஜின், மின்சாரம், செல்போன் என்று அடுக்குவார்கள். நான் தராசைச் சொல்வேன். உழைத்த ஒருவர் சந்தையில் ஏமாறாமல் வீடு திரும்புவதும் ஏமாந்து திரும்புவதும் அதை வைத்துத்தான் தீர்மானமாகிறது.

அப்பா மண்டிக்குப் போக ஆரம்பித்தபோது கணக்கெல்லாம் வீசையிலும் மணங்கிலும்தான். நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் வீசை சுமார் 1.4 கிலோ, மணங்கு 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். படி ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் பெரிய தராசு. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் சரக்கு. எண்ணும்போது அப்பா ‘ஒண்ணு’ என்று ஆரம்பிக்க மாட்டார், ‘லாபம்’ என்பார். பிறகுதான் ரெண்டு, மூணு. அந்த லாபம் யாருக்கு என்பது தராசைப் பிடித்த கையில் இருந்தது. தட்டுக்கு அடியில் புளி ஒட்டிவைப்பது ஊரறிந்த வித்தை. அது பிடிபட்டுவிடும். பிடிபடாத வித்தை, முள் நடுவில் வந்து நிற்கும் முன்பே ‘சரி, இறக்கு’ என்று சொல்லிவிடுவது. கருப்பூர், ஓமலூர்ப் பக்கமிருந்து விடியற்காலையில் வண்டி கட்டி வந்த விவசாயிக்கு, இறக்கிய சரக்கைத் திரும்ப ஏற்று என்று கேட்கத் தைரியம் வராது. அவர் கேட்காத அந்த ஒரு கேள்வியால் எத்தனை வீட்டில் அடுப்பு மந்தமாக எரிந்தது என்று அப்பா கடைசிக் காலத்தில் வருத்தப்பட்டுச் சொல்வார்.

எடைத் தகராறு நம்மூர் வியாதி மட்டுமில்லை. 4,500 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிக்காரர்கள் செர்ட் என்ற கடினமான கல்லைக் கனசதுரமாகச் செதுக்கி எடைக்கல் செய்தார்கள். 13.6 கிராம் அளவில் ஒரு கல். அதில் பாதி, அதன் இருமடங்கு, நான்கு மடங்கு என்று வரிசை. மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் ஒரே கணக்கு. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்த ஊர்கள் எடையில் ஒத்துப்போயிருக்கின்றன என்றால், அதற்குப் பின்னால் எவ்வளவு சண்டையும் சமரசமும் இருந்திருக்கும்! தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்ற கல்லாலும், நகைகளை ‘தட்சிணமேருவிடங்கன்’ என்ற கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கொடுத்தது ராஜா, வாங்கியது கோவில். அங்கேயே எந்தக் கல்லால் நிறுத்தோம் என்று சுவரில் வெட்டிவைக்க வேண்டியிருந்தது. எடைக்கல்லுக்குப் பெயர் வைத்து ஊரறியச் செய்துவிட்டால், நாளைக்கு யாரும் அந்தக் கல்லைக் கொண்டுவா என்று கேட்கலாம். அந்த உரிமைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் மண்டியில் எடை, கழிவு, தரகு எல்லாவற்றிலும் விவசாயி அடிபட்டதால்தான் 1933-ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. பிறகு சுதந்திர இந்தியாவில் 1956-ல் எடையளவுச் சட்டம். 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோ. இரண்டு மூன்று வருஷம் மண்டியில் ஒரே குழப்பமாம். வீசையில் விலை பேசி, கிலோவில் நிறுத்து, அணாவில் கணக்குப் போட்டுப் பைசாவில் பட்டுவாடா செய்வார்களாம். அந்தக் குழப்பத்தில் நஷ்டப்பட்டது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் குழப்பம் அடங்கியபின், கருப்பூர்க்காரரும் கல்கத்தாக்காரரும் ஒரே கிலோவைப் பேசினார்கள். அதைவிடப் பெரிய சமத்துவம் எங்கள் பஜாருக்குள் அதுவரை வந்ததில்லை.

அடுத்து வந்தது மேடைத் தராசு. இதன் கதை அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஆரம்பிக்கிறது. தாடியஸ் ஃபேர்பேங்க்ஸ் என்பவர் சணல் வகைச் சரக்குத் தொழிலில் இருந்தார். பாரம் ஏற்றிய வண்டியைச் சங்கிலி போட்டுத் தூக்கித்தான் எடை பார்க்க வேண்டும். அந்தத் தொல்லை தாங்காமல், தரையோடு ஒரு பலகை, அதற்கடியில் நெம்புகோல்கள் என்று அமைத்து 1831-ல் காப்புரிமை வாங்கினார். எங்கள் மண்டிகளில் அப்படிப்பட்ட தராசில் ஒரு கிலோ கல்லுக்கு 100 கிலோ மூட்டை சமமாக நிற்கும். எடை தூக்குபவரின் முதுகைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது. என் அப்பா முதுகையும்தான். ஆனால் கல்லும் சரக்கும் எதிரெதிர்த் தட்டில் கண்ணெதிரே நின்ற காலம் அதோடு போயிற்று. உள்ளங்கையளவு இரும்புக்கு ஒரு மூட்டை எப்படிச் சமமாகும் என்று விவசாயிக்குப் புரியவில்லை. புரியாததை நம்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தது.

எலக்ட்ரானிக் தராசு அதைக் கொஞ்சம் மாற்றியது. உள்ளே ஒரு உலோகக் கட்டை; அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் பட்டை. பாரம் ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாமல் வளையும், பட்டை நீளும், அதன் மின்தடை மாறும். 1938-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இரண்டு பேர் தனித்தனியே கண்டுபிடித்த சங்கதி. இன்று வெல்லம் நிறுக்கும் மேடை முதல் கொலுசு நிறுக்கும் சின்னத் தட்டு வரை பெரும்பாலும் இதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட எண்ணைப் படித்துவிடுவார். முள் ஆடுகிறதா, நின்றதா என்ற வாக்குவாதம் தீர்ந்தது.

ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய தராசு சரக்கைக் கல்லோடு ஒப்பிட்டது. எலக்ட்ரானிக் தராசு பூமி அதை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துக் கிலோவாகச் சொல்கிறது. அந்த இழுப்பு எல்லா ஊரிலும் ஒன்றில்லை; டெல்லியைவிடச் சேலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. டெல்லியில் சரிபார்த்த தராசை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் ஒரு கிலோ வெள்ளியை 999 கிராம் என்று காட்டும். வெல்லத்துக்கு இது பொருட்டில்லை, வெள்ளிக்குப் பொருட்டு. அதனால்தான் தராசை வைத்த இடத்திலேயே சோதனைக் கல் வைத்துச் சரிசெய்து முத்திரை போட வேண்டும் என்கிறோம். சட்டப்படி எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை முத்திரை. நம்மில் எத்தனை பேர் அந்த முத்திரையைத் தேடிப் பார்த்திருக்கிறோம்?

இப்போது கொலுசுக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரம், பனங்காடு பக்கங்களிலும் கொலுசு முழுசாக ஒரே பட்டறையில் உருவாவதில்லை. கம்பி இழுப்பது ஓரிடம், சலங்கை ஓரிடம், பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது வீடுகளில், பெரும்பாலும் பெண்கள். வியாபாரிகள் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், எடை போட்டுத் திரும்ப வாங்குவார்கள். சேதாரம் இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்தம். ஆகவே இந்த வீடுகளில் தரையைப் பெருக்கினால் குப்பையைக் கொட்டமாட்டார்கள். அரத்தூள் இருக்கும் என்று தனியாகச் சேர்த்துவைப்பார்கள். என் மாமியார் கூந்தலைக்கூடத் தூள் சேர்க்கும் முறத்தின் மேல்தான் உதறுவார்.

என் பக்கத்து வீட்டுப் பெண் சில நூறு ரூபாய் கொடுத்து, சட்டைப்பையில் வைக்கிற மாதிரியான எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினாள். வேலை முடிந்த கொலுசை வீட்டில் நிறுத்து, சீட்டில் குறித்துக்கொண்டு போனாள். வியாபாரியின் தராசில் எடை குறைந்தது. வழக்கம்போல் பேசாமல் திரும்பி வராமல், “அண்ணா, அந்தக் காத்தாடிய நிறுத்திட்டு இன்னொரு தடவ வைங்க” என்றாள். பக்கவாட்டில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றதும் எண் ஏறி, அவள் சீட்டில் இருந்ததற்குப் பக்கத்தில் வந்து நின்றது. வித்தியாசம் அரை கிராமுக்குச் சற்று மேல். வியாபாரி வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த விசிறிக் காற்றில் அதுவரை எத்தனை பெண்களின் கூலி கரைந்திருக்கும்? அவள் வாங்கிய சின்னத் தராசு வியாபாரத்துக்குச் செல்லாது, அதில் முத்திரை கிடையாது. ஆனால் கேள்வி கேட்க அது போதும். ஒரு கருவி பலமானவன் கையில் மட்டும் இருந்தவரை அது சொன்னதே தீர்ப்பு. எளியவள் கைக்கும் வந்தபிறகுதான் அது தராசானது.

எடை நேரானதும் ஏமாற்று வேறு வாசல் வழியாக வந்ததையும் சொல்லவேண்டும். வெல்லத்தில் சர்க்கரை கலக்கிறார்கள், வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்வது எங்கள் பகுதியில் அடிக்கடி நடக்கிறது. 30 கிலோ சிப்பம் தராசில் சரியாக 30 கிலோதான் காட்டும். கொலுசிலும் அப்படியே. பற்றவைக்கும் பொடியில் செம்பு, துத்தநாகம் கூடினால் எடை குறையாது, ‘டச்’ என்கிற வெள்ளியின் தூய்மை குறையும். எக்ஸ்ரே முறையில் டச் பார்க்கும் மெஷின்கள் இங்கே வந்துவிட்டன. அவை மேற்பரப்பைத்தான் படிக்கும். தங்கத்துக்கு 2021 ஜூன் முதல் ஹால்மார்க் கட்டாயம். வெள்ளிக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் கஷ்டப்படப்போவது சிறு பட்டறைகள்தான். சோதனைக் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும்.

ரேஷன் கடையில் எடைத் தராசையும் பில் போடும் கருவியையும் ப்ளூடூத்தில் இணைத்திருக்கிறார்கள். அரிசி சரியான எடை ஏறினால்தான் பில் வரும். நல்ல ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். வரிசை நீள்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களிடம், குறையாமல் வாங்க நின்றால் தப்பில்லை என்பேன். ஆனால் கடை ஊழியர்கள் கேட்கும் கேள்வியும் நியாயமானது: கிடங்கிலிருந்து எங்களுக்கு வரும் மூட்டையை இதே கண்டிப்போடு நிறுத்துத் தருவீர்களா? கடைசிப் படியில் நிற்பவர் தலையில் மட்டும் தராசை வைத்தால், மேலே குறைந்ததை அவர் எங்கே போய்த் தேடுவார்?

பெட்ரோல் பங்க்கில் ஐந்து லிட்டர் அளவுக் குவளை இருக்கவேண்டும், சந்தேகம் வந்தால் வாடிக்கையாளர் அளந்து காட்டச் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. அதே உரிமையை மண்டிக்கும் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மண்டியிலும் முத்திரை போட்ட 20 கிலோ சோதனைக் கல் ஒன்று விவசாயி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஏலத்துக்கு முன் யார் வேண்டுமானாலும் தூக்கித் தராசில் வைத்துப் பார்க்கட்டும். எண் தெரியும் கண்ணாடி விற்பவர் பக்கமும் ஒன்று, வாங்குபவர் பக்கமும் ஒன்று இருக்கட்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு மண்டிக்குப் பெரிதில்லை. வீட்டில் ஊதும் பெண்களுக்கு வெள்ளி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை, தேதி, சேதாரம் மூன்றும் போட்ட அச்சுச் சீட்டு இரண்டு பிரதியாக வரவேண்டும். ஒன்று அவள் கையில் இருக்கவேண்டும். சீட்டு அடிக்கும் தராசு இன்று கடைவீதியிலேயே கிடைக்கிறது. தொழிலாளர் துறையும் வெள்ளி வியாபாரிகள் சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால், வரும் தீபாவளி ஆர்டருக்கு முன்பே இதை ஆரம்பித்துவிடலாம்.