நூறு பேரில் எத்தனை பேர்?

அனகாபுத்தூரிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் ஒரு நெசவாளர் குடும்பத்திடம் ‘இறப்பு அபாய விகிதம் 0.545’ என்றால் என்ன விளங்கும்? முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வின் முடிவு அது, 2023-இல் அச்சேறியது. அதையே இப்படியும் சொல்லலாம்: குறைந்த அளவு கீமோ மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர், நிவோலுமாப் ஊசியும் சேர்ந்தபோது 43 பேர். ஊசியின் அளவோ வழக்கமானதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செலவுக்கு அஞ்சும் வீட்டுக்கு இதைவிட முக்கியமான செய்தி ஏது?

எளிமையாகச் சொன்னால் வீண் நம்பிக்கை பிறக்கும் என்று மருத்துவர்கள் சிலர் தயங்குகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் 43 என்று சொல்லும் வாயே, மீதி 57 பேர் ஓராண்டைத் தாண்டவில்லை என்பதையும், இது நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாதியை மறைப்பதுதான் ஏமாற்று. நேரமில்லை என்பதும் உண்மையே; புறநோயாளிகள் வரிசை அப்படி. அதற்காகத்தான் நல்ல தமிழில் இரண்டு பக்கத் தாளும், அதைப் படித்துக் காட்டப் பயிற்சி பெற்ற செவிலியரும் வேண்டும் என்கிறேன். ஆய்வில் சேர்வோருக்குத் தொழில்நுட்பச் சொற்கள் இல்லாமல், புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு மருத்துவப் பரிசோதனை விதிகளே கட்டாயமாக்கியுள்ளன. ஆய்வில் சேராத நோயாளிக்கு மட்டும் அந்த உரிமை ஏன் இல்லை?